மூடிய செயின் கவருக்குள் சத்தம் கேட்கிறதா? ஹப் கியர் எம்டிபி சைக்கிளுக்கு அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

அப்பாவின் கறுப்பு சைக்கிளில் செயின் முழுவதும் தகரக் கவருக்குள் இருக்கும். வேட்டி மாட்டாது, சேறு ஏறாது, தீபாவளிக்கு ஒரு தடவை எண்ணெய் விட்டால் போதும். நான் இப்போது ஜெர்மனியில் ஓட்டுவது தடித்த டயர் போட்ட எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள். அதன் எட்டு கியரும் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கு உள்ளேயே இருக்கின்றன. வெளியே முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரம் (செயின்வீல்) ஒன்று, பின்னால் ஹப்பில் சின்னப் பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) ஒன்று, அவ்வளவுதான். செயின் பக்கவாட்டில் நகர வேண்டிய வேலை இல்லாததால் அப்பாவின் வண்டியைப் போலவே இதையும் மூடிவிட முடிகிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரில் அது பெரிய வரம். மூடாத செயின் அந்த உப்பில் ஒரே வாரத்தில் செம்பழுப்பாகிவிடும்.

என் வண்டியோடு சேர்த்து நண்பர்களின் வண்டிகளும் அடிக்கடி என் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வரும். வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "அண்ணா, கவர் சத்தம் போடுது, கழட்டிப் போட்டுடலாமா?" பிரித்துப் பார்த்தால் குற்றவாளி கவராக இருப்பது அரிது. செயின் தொய்ந்திருக்கும், இல்லையென்றால் அளவுக்கு மீறி இறுகியிருக்கும், இல்லையென்றால் செயின்வீல் மையம் விலகியிருக்கும். கவர் இல்லாத வண்டியில் இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். மூடிய வண்டியில் காதைத்தான் நம்ப வேண்டும். அதனால் கீழே அறிகுறிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன்.

## தொடங்கும் முன்

உங்கள் கவர் எந்த வகை என்று பாருங்கள். ஃபிரேமில் ஸ்குரூ போட்டு நிற்கும் தகர அல்லது பிளாஸ்டிக் பெட்டி ஒரு வகை. இதை முழுப் பெட்டி என்று சொல்கிறேன். இன்னொன்று ஃபிரேமில் எங்கேயும் ஒட்டாமல் செயின் மேலேயே சட்டை போல உட்கார்ந்திருக்கும் மிதக்கும் கவர். ஹெபி நிறுவனத்தின் செயின்கிளைடர் இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. மிதக்கும் கவரைக் கையால் பிடித்தால் லேசாக ஆடும். அது பழுதில்லை, அதன் இயல்பே அதுதான்.

தேவையான சாமான்கள்: ஆலன் கீ செட், சக்கர அச்சின் (ஆக்ஸில்) நட்டுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், மில்லிமீட்டர் ஸ்கேல், பழந்துணி, டார்ச். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்ட், அல்லது சேணத்தின் கீழ் ஒரு கயிறு.

ஒரு எச்சரிக்கை. கவரைத் திறந்து வைத்துக்கொண்டு பெடலைச் சுற்றும்போது இன்னொரு கை செயின் பக்கமே போகக் கூடாது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் போனால் நுனி துண்டாகிவிடும். குழந்தைகள் பக்கத்தில் நின்றால் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

## அறிகுறி 1: சத்தம்

முதல் கேள்வி: பெடலை நிறுத்திவிட்டுச் சறுக்கில் இறங்கும்போதும் சத்தம் தொடர்கிறதா? ஹப் கியரில் பெடல் நின்றால் செயினும் நின்றுவிடும். நின்ற செயின் கவரை உரசாது. அதனால் பெடல் நின்ற பிறகும் சத்தம் தொடர்ந்தால் கவரை விட்டுவிட்டு பிரேக், மட்கார்டு, டயரில் ஒட்டிய குச்சி இவற்றைப் பாருங்கள். ஹப்புக்குள்ளிருந்து வரும் மெல்லிய டிக்டிக் ஓசை இயல்பானது.

பெடல் சுற்றும்போது மட்டும்தான் சத்தம் என்றால், சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றி, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கேட்கிறது என்று எண்ணுங்கள். இந்த எண்ணிக்கைதான் முக்கியம். என் வண்டியில் முன்னால் 38 பல், பின்னால் 18 பல், செயினில் 98 கண்ணி. இதை வைத்து நான்கு கிளையாகப் பிரிக்கலாம்.

### கிளை அ: ஒரு பெடல் சுற்றுக்குச் சரியாக ஒருமுறை

பெடலைத் தாங்கும் கையான கிராங்கிலோ செயின்வீலிலோதான் கோளாறு.

முதலில் கிராங்கின் உட்புறத்தையும் கவரின் முகப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் கோடு தெரிந்தால் கிராங்க் கவரைத் தட்டுகிறது. முழுப் பெட்டியில் மவுண்ட் ஸ்குரூவைத் தளர்த்தி, இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இறுக்கினால் போதும். மிதக்கும் கவரில் இரு பாதிகளும் சரியாகக் கவ்விக்கொள்ளாமல் ஒரு முனை வெளியே துருத்தியிருக்கும். பிரித்து மறுபடி அழுத்தினால் கிளிக் என்று உட்காரும்.

கீறல் இல்லையென்றால் செயின்வீல் போல்ட்டுகள். நான்கோ ஐந்தோ இருக்கும். ஒன்று தளர்ந்தாலும் அதன் தலை கவரின் உட்சுவரில் ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும். இறுக்கிவிடுங்கள்.

அதுவும் சரி என்றால் செயின்வீல் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். கவரின் முன்பாதியைக் கழற்றிவிட்டு, ஃபிரேமில் ஒரு பென்சிலை டேப்பால் ஒட்டி, அதன் முனையைச் செயின்வீல் பல்லருகே வைத்துப் பெடலைச் சுற்றுங்கள். பென்சிலுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் மாறினால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் எங்கோ கல்லில் இடித்திருக்கிறது. கொஞ்சம் கோணலை ஸ்பேனரின் வாயால் கவ்வி நிமிர்த்தலாம். அலுமினியச் செயின்வீலை நிமிர்த்த முயலாதீர்கள், விரிசல் விடும். மாற்றிவிடுவதே நல்லது.

### கிளை ஆ: ஒரு பெடல் சுற்றுக்கு இரண்டு முறைக்குச் சற்று அதிகமாக

38-ஐ 18-ஆல் வகுத்தால் 2.1. அதாவது பின் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்கு ஒருமுறை சத்தம் போடுகிறது. உங்கள் பற்களின் எண்ணிக்கையில் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கவரின் பின்முனைக்குள் சிக்கிய சின்னக் கல், உலர்ந்த களிமண் கட்டி, இலைக் காம்பு இவைதான் பெரும்பாலும் காரணம். பின்முனையைத் திறந்து துடைத்தால் தீரும். தீரவில்லை என்றால் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் வட்ட வளையம் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறக்கும்போது கம்பிச் சுருள் மாதிரி தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

### கிளை இ: இரண்டரைப் பெடல் சுற்றுக்கு ஒருமுறை

98-ஐ 38-ஆல் வகுத்தால் 2.6 அளவுக்கு வரும். இது செயின் முழுசாக ஒரு வலம் வருவதற்கு ஆகும் நேரம். எனவே செயினில் ஏதோ ஒரே ஒரு கண்ணி கோளாறாக இருக்கிறது. இந்தச் சத்தத்தைத்தான் "எப்போதாவது வருகிறது, கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எண்ணாமல் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

இணைப்புக் கண்ணியை முதலில் பாருங்கள். மீன் வடிவ கிளிப் போட்ட பழைய வகையாக இருந்தால் கிளிப் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். முழுப் பெட்டியில் இடம் தாராளமாக இருப்பதால் அது பாதகமில்லை. மிதக்கும் கவரில் ஒவ்வொரு வலத்திலும் உரசும். கிளிப் இல்லாத இணைப்புக் கண்ணியாக மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. கிளிப்பையே வைத்துக்கொள்வதாக இருந்தால் மூடிய பக்கம், அதாவது மீனின் தலை, செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். வால் முன்னால் இருந்தால் கவரின் விளிம்பில் மாட்டிக் கழன்றுவிடக்கூடும்.

இணைப்பு நன்றாக இருந்தால் மடங்க மறுக்கும் கண்ணி ஒன்று இருக்கும். செயினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டினால் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணி மட்டும் முழங்கை மாதிரி மடங்கியே வரும். இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் முன்னும் பின்னும் மெல்ல வளைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இளகிவிடும். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கால் பிரேக் உள்ள ஹப்பில் பின்னோக்கி ஓட்ட முடியாது, முன்னோக்கி ஓட்டியே பாருங்கள். ஆணி ஒன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் செயின் டூலால் உள்ளே அழுத்த வேண்டும்.

### கிளை ஈ: விடாமல் சர்ர்ர் என்று

மிதக்கும் கவர் புதிது என்றால் முதல் சில நாட்களுக்கு இந்த உரசல் இருக்கும். பிளாஸ்டிக் தன் தடத்தைத் தேய்த்துக்கொண்டு பிறகு அடங்கும். அதற்காக உள்ளே கிரீஸ் அப்ப வேண்டாம். கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் போல வேலை செய்யும்.

பழைய கவரில் திடீரென்று வந்தால் செயின் தொய்வைப் பாருங்கள் (அறிகுறி 2-இல் முறை இருக்கிறது). தொய்வு சரியாக இருந்தும் உரசினால் செயின் நேர்க்கோட்டில் ஓடவில்லை. நீளமான நேரான இரும்புப் பட்டை ஒன்றைச் செயின்வீலின் பல்முகத்தில் சாய்த்துப் பின்னால் நீட்டுங்கள். அது ஸ்ப்ராக்கெட்டின் பல்மேல் போய்ச் சேர வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் விலகினால் கவரின் ஒரு பக்கச் சுவரைச் செயின் அறுத்துக்கொண்டே இருக்கும். ஷிமானோ நெக்ஸஸ், ஆல்ஃபைன் ஹப்களில் ஸ்ப்ராக்கெட் தட்டு போலக் குழிந்த வடிவில் வருவதுண்டு. அதைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே கோடு சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். காசு செலவில்லாத இந்தத் திருத்தத்தைச் செய்து பார்க்காமல் புது கிராங்க் வாங்க ஓடாதீர்கள்.

கடைசிக் காரணம் அளவு பொருந்தாமை. மிதக்கும் கவர் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பல் எண்ணிக்கைக்கு அச்சு வார்த்தது. 38-க்கு வார்த்ததை 42-இல் ஏற்ற முடியாது. ஒரு நண்பரின் வண்டியில் ஒரு கடையில் செயின்வீலை மாற்றிவிட்டுப் பழைய கவரையே அழுத்தி மூடிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் கவரின் வளைவு உள்ளிருந்து அறுபட்டு ஓட்டை விழுந்துவிட்டது. செயின்வீலில் பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். கவரின் உட்புறத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்: அழுத்தி மேடு ஏறும்போது மட்டும் கட்கட் என்று கேட்டு, கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால். அது கிராங்க் அச்சைத் தாங்கும் அடிப்பகுதி பேரிங். அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

## அறிகுறி 2: கரடுமுரடான தடத்தில் கடகட, சில சமயம் செயின் உள்ளேயே கழன்றுவிடுகிறது

இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். கடகட என்று அடிக்கும் செயினைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் கல்லில் குதித்து இறங்கும்போது கழன்று கவருக்குள் சிக்கிக்கொள்ளும்.

### கழன்ற செயினை மீட்பது

பெடலை மிதித்துச் சரியாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்கிவிடும். பிறகு சக்கரத்தையே கழற்ற வேண்டிவரும். வண்டியை விட்டு இறங்குங்கள். முழுப் பெட்டியில் பின்மூடி ஒன்றோ இரண்டோ ஸ்குரூவில் நிற்கும், அதைத் திறங்கள். மிதக்கும் கவரில் பின்துண்டைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். செயினை முதலில் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டி, பிறகு செயின்வீலின் அடிப்பல்லில் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் ஏறிவிடும். விரலால் தள்ளாதீர்கள், குச்சியால் தள்ளுங்கள்.

### தொய்வைப் பார்ப்பது

கவரின் கீழ்ப்பாதியைத் திறந்து, கீழ்ச் செயினின் நடுவில் ஸ்கேலை வைத்து மேலும் கீழும் அசையுங்கள். மொத்த அசைவு 10 முதல் 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பெடலைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்தி நான்கு இடத்தில் பாருங்கள். எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் 10 மில்லிமீட்டரைச் சரிபார்க்க வேண்டும்.

நான்கு இடத்திலும் பெரிய வித்தியாசம் வந்தால் செயின்வீல் மையத்தில் உட்காரவில்லை. அதன் போல்ட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, இறுக்கமான இடத்தில் செயினை மரச்சுத்தியால் லேசாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் வித்தியாசம் பாதியாகக் குறையும். கவர் போட்ட வண்டியில் இந்தப் பத்து நிமிட வேலை தரும் நிம்மதிக்கு ஈடில்லை. தொய்வு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆனபின் பாதிச் சத்தம் தானாகவே போய்விடும்.

### தொய்வை எடுப்பது

உங்கள் ஃபிரேமில் எந்த ஏற்பாடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆக்ஸில் நீளப் பள்ளத்தில் உட்காரும் வகை என்றால் இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, டயர் இரு பக்கமும் ஃபிரேமுக்குச் சம தூரத்தில் இருக்கும்படி இறுக்குங்கள். ஷிமானோ ஹப்களின் ஆக்ஸில் நட்டுக்கு 30 முதல் 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். கையளவில் சொன்னால், சாதாரண ஸ்பேனரின் நுனியைப் பிடித்து நன்றாக ஊன்றி இறுக்க வேண்டும். ஆக்ஸிலில் வரும் சுழலாத் தடுப்பு வாஷர்களின் நாக்கு பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். இந்த வாஷர் வழவழப்பாகத் தேய்ந்துபோனால் மேட்டில் அழுத்தும்போது சக்கரம் முன்னால் நழுவும், செயின் மறுபடி தொய்யும். வாரத்துக்கு ஒருமுறை தொய்வு எடுக்க வேண்டிவந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

நகரும் டிராப்அவுட் (ஆக்ஸில் உட்காரும் ஃபிரேம் முனை) உள்ள ஃபிரேமில் டிராப்அவுட் போல்ட்டுகளைத் தளர்த்தி, பின்னாலுள்ள சிறு திருகால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ள வேண்டும். அடியில் கிராங்க் அச்சுக்கு மையம் விலகிய பேரிங் கூடு உள்ள ஃபிரேமில் அந்தக் கூட்டையே சுழற்ற வேண்டும். அதில் செயின்வீல் மேலோ கீழோ நகரும். அதனால் முழுப் பெட்டி போட்டிருந்தால் சுழற்றியபின் பெட்டியின் முன்பக்கம் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

### இழுத்தும் தொய்வு தீரவில்லை

செயின் தேய்ந்துவிட்டது. ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் ஆணியின் நடுவரை அளங்கள். புதிதில் 304.8 மில்லிமீட்டர். 306.3 வந்தால் அடுத்த செயினை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 307.8 வந்துவிட்டால் இனி ஓட்டாதீர்கள். செயினோடு ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்கள். பல் சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது ஏறி ஏறிக் குதிக்கும்.

மூடிய செயின் நெடுநாள் உழைக்கும். அதனாலேயே பலரும் அளப்பதை மறந்துவிடுகிறார்கள். வசந்தம் தொடங்கும்போதும் பனிக்காலம் தொடங்கும்போதும் கவரைத் திறந்து அளப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

## அறிகுறி 3: பெடல் கனமாக இருக்கிறது

காற்று குறைந்த டயரைச் சந்தேகப்படாமல் கவரைச் சந்தேகப்படுபவர்கள் உண்டு. முதலில் டயர், பிறகு பிரேக் உரசல். இரண்டும் சரியென்றால் கவரை முழுதாகக் கழற்றிவிட்டு அதே தெருவில் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

கவர் இல்லாமல் லேசாகிவிட்டது என்றால் உள்ளே மண் அடைத்திருக்கிறது, அல்லது கவர் கோணலாக மூடியிருக்கிறது. கழுவி, உலர்த்தி, நிதானமாகப் பொருத்துங்கள். மிதக்கும் கவருக்கு மெல்லிய செயின் ஒத்துவரும். அகலச் செயின் போட்டிருந்தால் உரசல் கூடுதலாகவே இருக்கும்.

கவர் இல்லாமலும் கனமாகவே இருந்தால் செயின் இறுக்கம். கனம், லேசு, கனம், லேசு என்று ஒவ்வொரு சுற்றிலும் மாறி மாறி வரும், கூடவே முனகல் ஓசை கேட்கும். தொய்வைவிட இதுதான் ஆபத்து. கடகட சத்தம் வராமலிருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் செயினை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டி ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டினார். வசந்தத்தில் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் டயர் ஃபிரேமில் படும் அளவுக்கு ஹப் பேரிங் போயிருந்தது. ஒரு செயினின் விலையில் முடிய வேண்டியது ஒரு ஹப்பில் போய் நின்றது. சந்தேகம் வந்தால் ஒரு மில்லிமீட்டர் தொய்வாகவே விடுங்கள்.

### பெடலை நிறுத்தினால் மேல் செயின் தொங்கிக் கவரைத் தட்டுகிறது

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டால் பெடல் மெதுவாகத் தானே சுற்றுவது ஹப் கியரில் சாதாரணம். ஓட்டத்தில் கால் வைத்து நிறுத்தும்போது பெடல் உங்கள் காலைத் தள்ளினால் அது சாதாரணமில்லை. ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கோன் அதிகம் இறுகியிருக்கலாம், உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கலாம்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்: இதுவேதான். ஹப்பின் உள்ளே நூற்றுக்கும் குறையாத சிறு பாகங்கள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையை எடுத்துவிடுங்கள். சைக்கிள் கடைகளிலும் ஹப் கியர் பிரித்துப் பழகியவரைக் கேட்டுத் தேடிப் போங்கள்.

## அறிகுறி 4: மிதிக்கும்போது திடீரென்று வழுக்குகிறது

செயின் பல்லில் வழுக்குகிறதா, கியர் உள்ளே வழுக்குகிறதா? எல்லா கியரிலும் வழுக்கினால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும். மேலே சொன்ன அளவைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒன்றிரண்டு கியரில் மட்டும் வழுக்கினால் கேபிள். கவரையோ செயினையோ தொட வேண்டாம்.

பஞ்சர் ஒட்டியபின், தொய்வு எடுத்தபின் இது வந்தால் கேபிள்தான் என்று கிட்டத்தட்ட உறுதி. ஷிமானோ எட்டு கியர் ஹப்பில் 4-ஆம் கியரில் வைத்து, ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் உள்ள இரண்டு வண்ணக் கோடுகளும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று பாருங்கள். ஆல்ஃபைன் 11-இல் 6-ஆம் கியர். நெக்ஸஸ் 3-இல் 2-ஆம் கியர். கோடு விலகியிருந்தால் கேபிள் திருகைக் கால் சுற்றாகத் திருப்பிச் சேர்த்துவிடுங்கள். ரோலாஃப் ஹப்பில் இந்தக் கோட்டு வேலை இல்லை. கியர் நிற்கும் இடங்கள் ஹப்புக்குள்ளேயே இருப்பதால் கைப்பிடியில் இரண்டு மில்லிமீட்டர் அளவு சும்மா சுழலும் இடம் இருந்தால் போதும்.

பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அதில் கேபிளின் உறை ஃபிரேமில் கவ்வி நிற்பதுண்டு. அப்படியிருந்தால் தொய்வு எடுக்கச் சக்கரத்தை மூன்று மில்லிமீட்டர் பின்னால் இழுத்தாலே கேபிளும் அந்த அளவு இறுகிவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரிலும் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அதில் விழுந்தால் முகம் ஹேண்டில்பாரில் மோதும். சக்கரத்தை நகர்த்திய ஒவ்வொரு முறையும் கேபிளைச் சரிபார்த்த பிறகே ஏறுங்கள்.

## அறிகுறி 5: கவரிலிருந்து எண்ணெய் அல்லது செம்பழுப்புச் சேறு கசிகிறது

செம்பழுப்பு என்றால் துரு. உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. கீழ்ப்பக்க வடிகால் ஓட்டை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். கவரைத் திறந்து ஓர் இரவு உலரவிட்டு, செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பிறகு மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஈரச் செயினைக் கவருக்குள் பூட்டி வைப்பது மூடாமல் விடுவதைவிடக் கெடுதல். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் பம்பை ஹப் பக்கம் காட்டவே வேண்டாம்.

கறுப்பு எண்ணெய் என்றால் செயினுக்கு அதிகமாக விட்டிருக்கிறீர்கள். துடையுங்கள், முடிந்தது.

தெளிந்த எண்ணெய் பின்முனையில் மட்டும் கசிந்தால் ஹப்பைப் பாருங்கள். ரோலாஃபும் ஆல்ஃபைன் 11-உம் எண்ணெயில் ஓடும் ஹப்கள். ஆல்ஃபைன் 8, நெக்ஸஸ் ஆகியவை கிரீஸில் ஓடுபவை. வண்டியைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் கொஞ்சம் கசிந்திருக்கலாம். துடைத்துவிட்டு, நிமிர்த்தி நிறுத்தி, கீழே செய்தித்தாள் விரித்து இரவு விடுங்கள். காலையில் சொட்டு இல்லையென்றால் விட்டுவிடலாம். சொட்டியிருந்தால் சீல் வேலை, அது கடைக்காரருடையது. ரோலாஃப் ஹப்பின் எண்ணெயை 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

## அறிகுறி 6: நடுவழியில் பின்சக்கரம் பஞ்சர்

பழுது கவரில் இல்லை என்றாலும் கவர் போட்டவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை. ஊரில் சைக்கிள் கடைக்காரர்கள் செய்வது போலச் செயின் இல்லாத பக்கத்தில் டயரை விளிம்பிலிருந்து எடுத்து, டியூபை வெளியே இழுத்து, முள்ளைத் தேடி எடுத்து, அங்கேயே ஒட்டுப் போடுங்கள்.

டியூபே கிழிந்து சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் வரிசை இது: கியரை 1-இல் வைத்து கேபிளை ஹப்பிலிருந்து விடுவிக்கவும் (உங்கள் ஹப் வேறு கியர் கேட்டால் அதன்படி). ரோலர் பிரேக்கோ கால் பிரேக்கோ இருந்தால் ஃபிரேமில் கவ்விய பிரேக் கையின் ஸ்குரூவைக் கழற்றவும். கவரின் பின்துண்டைத் திறக்கவும். நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினை இறக்கவும். திரும்ப மாட்டும்போது பிரேக் கையின் ஸ்குரூவை மறந்தால் முதல் பிரேக்கிலேயே அந்தக் கை சுழன்று ஆக்ஸிலையும் கேபிளையும் முறுக்கிவிடும். ஏறி உட்காரும் முன் அந்த ஒரு ஸ்குரூவைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

## கவர் உங்கள் வண்டிக்கே பொருந்தாத நிலை

மேலே சொன்ன எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் ஃபிரேமைப் பாருங்கள். எம்டிபி ஃபிரேம்களில் பல, செயினைப் பக்கவாட்டில் நகர்த்திக் கியர் மாற்றும் டிரெய்லியருக்காக (derailleur) வடிவமைத்தவை. ஆக்ஸில் பள்ளம் நேர் கீழ்நோக்கி இருக்கும், சக்கரத்தைப் பின்னால் இழுக்க முடியாது. அதில் ஹப் கியர் போடுபவர்கள் தொய்வை எடுக்கச் செயினைக் கீழே மடக்கிப் பிடிக்கும் சிறு சக்கரம் ஒன்றை மாட்டியிருப்பார்கள். அந்த மடிப்பு இருக்கும்வரை மிதக்கும் கவர் உட்காராது, அதற்கு மேல்கீழ் இரண்டு ஓட்டமும் நேராக வேண்டும். பின்பக்க ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியிலும் பெரும்பாலும் இதே கதைதான், குதிக்கும்போது செயினின் தேவையான நீளம் மாறிக்கொண்டே இருக்கும்.

தடித்த டயருக்காக ஃபிரேமின் பின்கால் வெளியே வளைந்திருந்தாலும் கவர் அதில் அழுந்தும். செயின் ஓடும் இடத்தில் ஃபிரேமுக்கும் செயினுக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் தாராளமாகப் போகவில்லை என்றால் கவரை அறுத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். அறுத்த இடத்தில்தான் முதலில் மணல் நுழையும். அப்படிப்பட்ட வண்டிக்கு மேலே மட்டும் மூடும் பாதிக் கார்டு போட்டு, செயினை வாரம் ஒருமுறை துடைத்து ஓட்டுவதே நல்லது. என் மனைவியின் வண்டி இந்த ரகம்தான். கவர் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போராடி, கடைசியில் அதை அதே அளவு செயின்வீல் உள்ள நண்பருக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே அது மூன்றாவது பனிக்காலமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.